பையைக் கடைசியில் வாங்குங்கள்: சாமான் எடைக்கு ஏற்ற ட்ரெக்கிங் பையைத் தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

பெங்களூரில் புதிதாக ட்ரெக் போகத் தொடங்கும் பலரும் முதலில் வாங்குவது பையைத்தான். ஆபீசில் நாலு பேர் சேர்ந்து குதிரேமுக் மலைக்குப் போகலாம் என்று பேசுவார்கள், அந்த வாரமே ஒருவர் 70 லிட்டர் பையோடு வந்து நிற்பார். அடுத்த வருஷம் இமயமலை போனாலும் இதே ஆகும் என்பது அவர் கணக்கு. இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது ஒன்றைத்தான்: பையைக் கடைசியில் வாங்குங்கள். சாமான்களை முதலில் ஒரு இடத்தில் சேர்த்து, எடை பார்த்து, அவை எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று அளந்து, அதில் உங்கள் உடம்பு எவ்வளவு தூக்கும் என்று பார்த்த பிறகு கடைக்குப் போனால், எத்தனை லிட்டர் என்ற கேள்விக்குப் பாதிக்கு மேல் பதில் உங்கள் கையிலேயே இருக்கும்.

பெரிய பை வாங்கினால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 60, 70 லிட்டர் பை காலியாகவே ஒன்றரை முதல் 2 கிலோவுக்கு மேல் வரும், 25 லிட்டர் பை முக்கால் கிலோவில் முடிந்துவிடும். அப்புறம், இடம் இருந்தால் கை சும்மா இருக்காது, இன்னொரு ஜீன்ஸ், இன்னொரு சட்டை, வீட்டில் கட்டிக் கொடுத்த முறுக்கு டப்பா என்று நிரம்பிக்கொண்டே போகும். நிரப்பாமல் விட்டாலும் தொல்லைதான், பாதி காலியான பைக்குள் சாமான் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்து, இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் இடமும் வலமும் ஆடி முழங்காலைப் பதம் பார்க்கும். பை சிறியதாகிவிட்டால் இதற்கு நேர்மாறான கஷ்டம்: ஜாக்கெட், செருப்பு, பாட்டில் எல்லாம் வெளியே தொங்கும், மேற்குத் தொடர்ச்சி மலையில் இடுப்புயரப் புல்லுக்குள்ளும் முள்ளுக்குள்ளும் போகும்போது ஒவ்வொன்றும் எதிலாவது மாட்டும், மழை வந்தால் ரெயின் கவர் மூடாது.

முதலில், எந்த மாதிரிப் பயணம்?

பெங்களூரிலிருந்து நாம் போகிற ட்ரெக்குகள் பெரும்பாலும் ஒரு நாள் விஷயம். சாவனதுர்கா, ஸ்கந்தகிரி, மாகளிதுர்கா, அந்தரகங்கை எல்லாம் காலையில் ஏறி மதியம் வீடு. குதிரேமுக், தடியாண்டமோல் போன்றவற்றுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏற வேண்டும், ஆனால் நடப்பது என்னவோ ஒரு நாள்தான். ராத்திரி ஹோம்ஸ்டேயில் தூங்கி, மாற்று உடையை அங்கேயே வைத்துவிட்டு மலை ஏறுவோம். குதிரேமுக் தேசியப் பூங்காவுக்குள் டென்ட் போட்டுத் தங்க வனத்துறை விடுவதில்லை. கர்நாடகத்தில் வேறு பல இடங்களிலும் இரவு தங்கும் விதிகள் இறுகிவிட்டன. அதனால் டென்டும் ஸ்லீப்பிங் பேகும் சுமக்கிற பை இங்கே பக்கத்து மலைகளுக்கு உங்களுக்குத் தேவைப்படவே வாய்ப்புக் குறைவு. போகும் இடத்தில் தங்கலாமா, தண்ணீர் கிடைக்குமா, சாப்பாடு கிடைக்குமா என்ற மூன்றையும் முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், பையின் அளவு பெரும்பாலும் இந்த மூன்றில்தான் தொங்குகிறது.

அடுத்தது இமயமலை. கேதார்காந்தா, ஹம்ப்தா பாஸ் என்று வழிகாட்டி நிறுவனங்களோடு போகும் 5, 6 நாள் பயணங்களில் டென்ட், ஸ்லீப்பிங் பேக், சமையல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நீங்கள் சுமப்பது உடை, மருந்து, தண்ணீர், சில்லறைச் சாமான் மட்டும். மூன்றாவது வகை எல்லாவற்றையும் தானே தூக்கிக்கொண்டு போவது. பெரிய பை உண்மையில் வேண்டியது இவர்களுக்குத்தான், நம்மில் இந்த வகை மிகக் குறைவு.

எடை பாருங்கள், தோராயமாக அல்ல

பட்டியல் எழுதினால் போதாது, சாமான்களைத் தரையில் பரப்புங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று இருந்தால் நல்லது, கூடவே சமையலறைத் தராசும் இருந்தால் சின்னப் பொருள்களின் எடையும் சரியாகத் தெரியும். எதுவும் இல்லை என்றால் உடல் எடை பார்க்கும் மெஷினில் முதலில் வெறுமனே ஏறி, பிறகு சாமானைக் கையில் வைத்துக்கொண்டு ஏறி, வித்தியாசத்தை எழுதுங்கள்.

ஒரு நாள் குதிரேமுக்கை எடுத்துக்கொள்வோம், போக வர சுமார் 20 கிலோமீட்டர் நடை. தண்ணீர் 3 லிட்டர், அதாவது சரியாக 3 கிலோ. மதியச் சாப்பாடு அரை கிலோ, கொறிக்க 300 கிராம், மழைக்கோட்டு 350, ஒரு டீசர்ட்டும் இரண்டு ஜோடி சாக்ஸும் 350, ஹெட்லாம்ப் 100, முதலுதவியும் ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு உப்புப் பொட்டலமும் 200, போனும் சின்ன பவர் பேங்க்கும் 400, தொப்பி சன்ஸ்கிரீன் வகையறா 200. கூட்டினால் 5.4 கிலோ. இதில் பாதிக்கு மேல் தண்ணீர்! அது நடக்க நடக்கக் குறையும், துணிமணி குறையாது. பைக்குள் எதைக் குறைக்கலாம் என்று பார்க்கும்போது தண்ணீர் மேல் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்போது வழிகாட்டி நிறுவனத்தோடு பனிக்காலக் கேதார்காந்தா, சுமார் 3,800 மீட்டர் உயரம். டவுன் ஜாக்கெட் (பறவை இறகு அடைத்தது) 500 கிராம், ஃபிளீஸ் (கம்பளி மாதிரி மேல்சட்டை) 350, தெர்மல் ஒரு செட் 350, மாற்றுப் பேன்ட் 350, மூன்று டீசர்ட் 500, மழைக்கோட்டு 350, கையுறை, குல்லா 250, சாக்ஸ் 350, முகாமில் போட செருப்பு 400, பிரஷ், சோப்பு வகை 400, மருந்து 250, ஹெட்லாம்ப் 100, பெரிய பவர் பேங்க் 450, தட்டு, டம்ளர், டிபன் பாக்ஸ் 400, தண்ணீர் 2 கிலோ, உலர்பழம், சிக்கி எல்லாம் அரை கிலோ, கூலிங் கிளாஸ், துண்டு, இன்னும் ஏதேதோ அரை கிலோ. மொத்தம் 8 கிலோ. பையின் எடை ஒன்றரை கிலோவைச் சேர்த்தால் தோளில் ஏறுவது 9.5 கிலோ.

இதே ஆள் எல்லாவற்றையும் தானே சுமக்கிறார் என்றால், இரண்டு பேர் பகிரும் 3 கிலோ டென்டில் பாதி 1.5, ஸ்லீப்பிங் பேக் 1.5, பாய் 400 கிராம், அடுப்பும் கேஸும் பாத்திரமும் பங்குக்கு 900, மூன்று நாள் சாப்பாடு ஒரு நாளுக்கு 700 கிராம் வீதம் 2.1 கிலோ. கூடுதல் 6.4 கிலோ, ஆக 14.4. பெரிய பை 2 கிலோ. மொத்தம் 16.4 கிலோ. இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

உங்கள் பட்டியல் என்னுடையது போல இருக்காது. டிஎஸ்எல்ஆர் கேமராவும் ஒரு லென்ஸும் சேர்ந்தால் ஒன்றரை கிலோ சுலபமாக ஏறும். இன்ஹேலர், சர்க்கரை மருந்து என்று இருப்பவர்களுக்கு மருந்துப் பை பெரிதாகும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இடத்தை அளக்க ஒரு பக்கெட் போதும்

எடை தெரிந்தால் மட்டும் லிட்டர் தெரிந்துவிடாது, ஒரு கிலோ தண்ணீர் ஒரு லிட்டர் இடம்தான் பிடிக்கும், ஆனால் அரை கிலோ டவுன் ஜாக்கெட் சுருட்டினாலும் 4, 5 லிட்டர் கேட்கும். பூஜ்ஜியம் டிகிரிக்கான செயற்கை இழை ஸ்லீப்பிங் பேக் 12 லிட்டருக்கும் மேல் அடைத்துக்கொள்ளும், அதே குளிருக்கான டவுன் பேக் கிட்டத்தட்ட அதில் பாதியில் அடங்கும். அதனால் அளந்தே ஆக வேண்டும்.

குளியலறையில் இருக்கும் பக்கெட்டைத் துடைத்து எடுத்து வாருங்கள். எத்தனை லிட்டர் என்று பெரும்பாலும் அடியிலோ பக்கத்திலோ அச்சிட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி எண்ணிவிடுங்கள். பைக்குள் எப்படி வைப்பீர்களோ அப்படியே, துணியைச் சுருட்டி, பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, இடைவெளியில் சாக்ஸைத் திணித்து, பக்கெட்டின் விளிம்பு வரை அடுக்குங்கள். நிறைந்ததும் கொட்டிவிட்டு மீதியை அடுக்குங்கள். 20 லிட்டர் பக்கெட் ஒன்று நிறைந்தால் 20, இரண்டு நிறைந்து கொஞ்சம் மிஞ்சினால் 42 அல்லது 43. ஆன்லைனில் ஏதாவது வாங்கிய அட்டைப்பெட்டி வீட்டில் கிடந்தால் அதுவும் ஆகும்: உள்ளளவு 40 செ.மீ. நீளம், 30 அகலம், 25 உயரம் என்றால் மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க 30 லிட்டர்.

மேலே சொன்ன குதிரேமுக் சாமான் ஒரு பக்கெட்டில் அடங்கிவிடும். கேதார்காந்தா சாமான் இரண்டு பக்கெட்டும் கொஞ்சமும். எல்லாம் சுமக்கும் பட்டியல் மூன்று பக்கெட்டைத் தொடும். இந்த அளவோடு இன்னொரு 5 லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வீட்டு ஹாலில் நிதானமாக மடித்த சட்டை, காலை 5 மணி இருட்டில் விரல் விறைக்க மடிக்கும்போது அதே அளவில் மடியாது. ஈரமான டென்டும் சுருட்டினால் பெரிதாகத்தான் இருக்கும், எடையும் கூடும்.

அளக்கவே நேரமில்லை என்றால் தோராயமான கணக்கு இது: பையை விட்டுவிட்டு சாமான் எடை மட்டும் எடுத்து, ஒரு கிலோவுக்கு 4 முதல் 5 லிட்டர் வைத்துப் பெருக்குங்கள். தண்ணீரும் சாப்பாடும் அதிகம் இருந்தால் 4 பக்கம், குளிருடை அதிகம் இருந்தால் 5 பக்கம். அப்படிப் பார்த்தால் 4 கிலோ வரை 20 லிட்டருக்குள், 4 முதல் 6 கிலோவுக்கு 25 அல்லது 30, 6 முதல் 9 கிலோவுக்கு 35 தொடங்கி 45 வரை, 12 கிலோ வரை 50 அல்லது 55, 16 கிலோ வரை 60 அல்லது 65. அதற்கு மேல் என்றால் பையைத் தேடுவதை நிறுத்திவிட்டுப் பட்டியலை எடுத்துக் குறைக்க உட்காருங்கள்.

உடம்பு என்ன சொல்கிறது?

மலையேறுபவர்கள் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு, ஒரு நாள் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, பல நாள் நடைக்கு ஐந்தில் ஒரு பங்கு, பையின் எடையும் சேர்த்து. 60 கிலோ ஆளுக்கு ஒரு நாள் சுமை 6 கிலோ, பல நாள் சுமை 12. குதிரேமுக் சாமான் 5.4, பை 0.7, ஆக 6.1, கிட்டத்தட்ட சரி. கேதார்காந்தா 9.5, தாராளம். எல்லாம் சுமக்கும் 16.4 கிலோ அவர் எடையில் கால் பங்கைத் தாண்டுகிறது. இதற்கு 65 லிட்டர் பை வாங்குவது தீர்வே இல்லை, பட்டியலில் 4 கிலோ இறங்க வேண்டும், அல்லது கூட வருபவரோடு இன்னும் பகிர வேண்டும், அல்லது ஆள் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு விஷயத்தில் கவனமாகப் பயன்படுத்துங்கள். 95 கிலோ எடை இருக்கிறேன், அதனால் 19 கிலோ தூக்கலாம் என்று அர்த்தமில்லை, உயரத்துக்கு மேற்பட்ட உடல் எடையையே முழங்கால் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் தங்கள் உயரத்துக்கு இருக்க வேண்டிய எடையை வைத்துக் கணக்கிடுவது நல்லது. முதுகில் டிஸ்க் பிரச்சினை, முட்டி வலி இருப்பவர்கள் டாக்டரிடம் எத்தனை கிலோ என்று எண்ணோடு கேளுங்கள், பை தூக்கலாமா என்று மட்டும் கேட்டால் தூக்கலாம் என்று பொதுவாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

8 கிலோவுக்கு மேல் போனால் இடுப்பு பெல்ட்

ஆபீஸ் லேப்டாப் பையில் 10 கிலோவைப் போட்டு ஏறினால் என்ன ஆகும் என்றால், முழு எடையும் தோளின் மேல் தசையில் இறங்கி, கழுத்து இறுகி, ஆள் முன்னால் குனிந்து நடக்கத் தொடங்குவார். நல்ல ட்ரெக்கிங் பையில் எடையின் பெரும்பங்கு இடுப்பெலும்பில் இறங்கி, அங்கிருந்து தொடைக்கும் காலுக்கும் போகிறது. உடம்பிலேயே பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன, தோள் பட்டையின் வேலை பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டும். ஆனால் எடை இடுப்புக்கு இறங்க நடுவில் விறைப்பான ஏதாவது இருக்க வேண்டும், அதுதான் ஃபிரேம், அலுமினியக் கம்பியோ பிளாஸ்டிக் தகடோ முதுகுப் பக்கம் உள்ளே போட்டிருப்பார்கள். ஃபிரேம் இல்லாத பையில் எவ்வளவு நல்ல பெல்ட் இருந்தாலும் எடை கூடியதும் பை நடுவில் மடங்கிப்போகும், எடை திரும்பத் தோளுக்கே வரும்.

அதனால் 6 கிலோ வரை ஒரு நாள் நடைக்கான சாதாரண டே பேக் போதும், மெல்லிய இடுப்பு வார் இருந்தால் ஆடாமல் இருக்கும், அவ்வளவுதான். 8 கிலோவைத் தொட்டால் பஞ்சு வைத்த அகலமான இடுப்பு பெல்ட்டும் ஃபிரேமும் கட்டாயம். கடையில் சில 50 லிட்டர் பைகளில் பெல்ட் என்ற பெயரில் விரல் அகல நைலான் வார் மட்டும் இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். அவற்றை எடுக்காதீர்கள்.

முதுகு நீளம், இதைத்தான் யாரும் கேட்பதில்லை

லிட்டரைவிட இது முக்கியம் என்றே சொல்வேன். சரியான முதுகு நீளத்துக்கு ஏற்ற 45 லிட்டர் பை, பொருந்தாத விலையுயர்ந்த 50 லிட்டர் பையைவிட எவ்வளவோ மேல்.

அளப்பது சுலபம், ஆனால் தனியாகச் செய்ய முடியாது, வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள், தையல் அளவு நாடா எடுத்துக்கொள்ளுங்கள். தலையை முன்னால் குனிந்தால் கழுத்து முதுகோடு சேரும் இடத்தில் ஒரு எலும்பு புடைத்துத் தெரியும், கழுத்தின் ஏழாவது எலும்பு, விரலால் தடவினாலே தெரியும். நாடாவின் முனை அங்கே. இப்போது இரண்டு கைகளையும் இடுப்பில் வையுங்கள், சண்டைக்கு நிற்பது போல, விரல்கள் முன்பக்கம், கட்டைவிரல்கள் முதுகுப் பக்கம். விலா எலும்பிலிருந்து கையை அழுத்திக் கீழே இறக்கினால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் கை நிற்கும். இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவே ஒரு கோடு போட்டால் முதுகெலும்பை எங்கே தொடுமோ அதுதான் கீழ் முனை. நாடாவை முதுகின் வளைவோடு ஒட்டிப் பிடித்து, நிமிர்ந்து நிற்கும்போது அளக்க வேண்டும்.

43 முதல் 48 செ.மீ. வந்தால் பெரும்பாலான பிராண்டுகளில் எம் அளவு, அதற்குக் கீழே எஸ், மேலே எல். பிராண்டுக்கு பிராண்டு இரண்டு மூன்று செ.மீ. மாறும், அதனால் அந்த மாடலின் அளவு அட்டவணையைப் பாருங்கள். ஆறடி உயரம் இருப்பதால் எல் என்று எடுத்துவிடாதீர்கள், நெடிய கால்களும் குட்டை முதுகுமாகப் பலர் இருக்கிறார்கள், ஐந்தடி நான்கு அங்குலத்தில் நீண்ட முதுகு உள்ளவர்களும் உண்டு. முதுகு நீளத்தை ஏற்றி இறக்கும் வசதியுள்ள பைகளும் வருகின்றன, வீட்டில் இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அதைத்தான் வாங்க வேண்டும்.

பெண்களுக்கென்று தனி மாடல் இருப்பது நிறத்துக்காக அல்ல. முதுகு நீளம் குறைவாக, தோள் பட்டைகள் நெருக்கமாகவும் மார்பை ஒதுக்கி வளைந்தும், இடுப்பு பெல்ட் வேறு கோணத்திலும் தைக்கப்பட்டிருக்கும். ஒல்லியான தோள் உள்ள ஆண்களுக்கும் சில சமயம் அதுவே நன்றாகப் பொருந்தும், தயங்காமல் போட்டுப் பாருங்கள்.

கடையில் காலிப் பையைப் போட்டுப் பார்க்காதீர்கள்

சர்ஜாப்பூர் சாலையில் இருக்கும் டெகாத்லான் மாதிரி பெரிய கடைக்கு வார நாளில் போனால் நிதானமாகப் பார்க்கலாம். வீட்டில் அளந்த எண்ணைப் போனில் எழுதி எடுத்துப் போங்கள்: சாமான் எத்தனை கிலோ, எத்தனை லிட்டர், முதுகு எத்தனை செ.மீ. பைக்குள் போட எடை கேளுங்கள். இல்லை என்றால், விளையாட்டுக் கடை என்பதால் டம்பெல் இருக்கும், இரண்டு மூன்றை எடுத்து ஒரு ஸ்லீப்பிங் பேகில் சுற்றி, பையின் நடுவில் முதுகை ஒட்டி நிற்கும்படி வையுங்கள். உங்கள் சாமானின் உண்மையான எடை 8 கிலோ என்றால் 8 கிலோவே போடுங்கள்.

மாட்டும் வரிசை முக்கியம். எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். முதலில் இடுப்பு பெல்ட்: அதன் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும், தொப்புளுக்கு மேலேயும் போகக்கூடாது, பேன்ட் பெல்ட் போடும் இடத்துக்கும் இறங்கக்கூடாது. அதை இறுக்கியதும் தோளில் எடையே இல்லாதது போலத் தோன்றும். பிறகு தோள் பட்டையை இழுங்கள், பை முதுகோடு ஒட்டும் வரைக்கும்தான், தோளை அழுத்தும் வரைக்கும் அல்ல. மூன்றாவதாக, தோள் பட்டையின் உச்சியிலிருந்து பையின் மேல்பகுதிக்குப் போகும் சின்ன வார்கள், லோட் லிஃப்டர் என்பார்கள், அவை சுமார் 45 டிகிரி சாய்வில் நிற்க வேண்டும். கடைசியில் நெஞ்சு வார், காறையெலும்புக்கு ஓரிரு அங்குலம் கீழே, மூச்சு விட இடைஞ்சல் இல்லாமல்.

இப்போது கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள், அல்லது கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தோள் பட்டை தோளைச் சுற்றி ஒட்டிப் படிந்திருக்க வேண்டும். தோளுக்கும் பட்டைக்கும் நடுவே விரல் நுழைகிற மாதிரி இடைவெளி தெரிந்தால் பை உங்கள் முதுகுக்கு நீளம். பட்டை தோளைக் கீழே இழுத்து, பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிட்டால் பை குட்டை. பெல்ட்டின் பஞ்சுப் பகுதிகள் முன்னால் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அந்த பெல்ட் உங்களுக்குப் பெரிது, நடந்து நடந்து இளைத்தால் இறுக்க இடமே இருக்காது. இதையெல்லாம் பார்த்த பிறகு 15 நிமிஷமாவது அந்த எடையோடு கடைக்குள் நடங்கள், படி இருந்தால் ஏறி இறங்குங்கள், ஷூ லேஸ் கட்டுவது போலக் குனிந்து எழுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஐந்தாறு வருஷம் முதுகில் இருக்கப் போகிற பொருள்.

லிட்டர் எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எல்லா பிராண்டும் ஒரே மாதிரி அளப்பதில்லை, சிலர் வெளிப்பாக்கெட்டுகளையும் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள், அதனால் ஒரு பிராண்டின் 50 இன்னொன்றின் 45 போல இருக்கும். 50+10 என்று எழுதியிருந்தால், மேல் கழுத்தை நீட்டினால் 10 லிட்டர் கூடும் என்று அர்த்தம், சாதாரணமாக 50 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், பக்கவாட்டு அழுத்த வார்கள் நன்றாக இருக்கிற பையில் பெரியதை எடுக்கலாம், இழுத்துக் கட்டினால் சிறிதாகும்.

ஒன்றா, இரண்டா?

பெங்களூரில் இருந்துகொண்டு மாதம் ஒருமுறை ஒரு நாள் ட்ரெக்கும் வருஷத்துக்கு ஒரு இமயமலையும் போகிறவருக்கு என் யோசனை: நல்ல 25 அல்லது 30 லிட்டர் பை ஒன்றைச் சொந்தமாக வாங்குங்கள், அதுதான் அடிக்கடி வெளியே வரும். 50 லிட்டரை முதல் தடவை வாடகைக்கு எடுங்கள், டென்ட், ரக்சாக் வாடகைக்கு விடும் கடைகள் ஊரில் இருக்கின்றன. வாடகைப் பையில் கிளிப்புகள் எல்லாம் மாட்டிக் கழற்றிப் பாருங்கள், இடுப்பு பெல்ட் தையலை இழுத்துப் பாருங்கள், ரெயின் கவர் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஒரு பயணத்தில் எது பிடித்தது, எது உறுத்தியது என்று தெரிந்த பிறகு வாங்கலாம். 70 லிட்டர் பை, எல்லாவற்றையும் தானே சுமந்து பல நாள் போகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

விமானத்தில் டேராடூனோ டெல்லியோ போகிறீர்கள் என்றால் உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் கையில் 7 கிலோ, செக்-இன் 15 கிலோ. 50 லிட்டர் பை செக்-இன்னில்தான் போகும், வார்களை எல்லாம் உள்ளே மடித்து ரெயின் கவரை முதுகுப் பக்கமாகத் திருப்பிப் போட்டு மூடிவிட்டால் விமான நிலைய கன்வேயர் பெல்ட்டில் மாட்டிக் கிழியாது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். கேஸ் கேனிஸ்டரை எதிலுமே எடுத்துப் போக முடியாது, போய் இறங்கிய ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுக்குவதும் அளவில் சேர்த்தி

அதே 8 கிலோவைச் சரியாக அடுக்கினால் 6 போல இருக்கும், தப்பாக அடுக்கினால் 11. ஸ்லீப்பிங் பேக், ராத்திரி உடை மாதிரி முகாம் வரை தேவைப்படாத பெரிய லேசான பொருள்கள் அடியில். கனமானவை, அதாவது தண்ணீர், சாப்பாடு, கேமரா, டென்ட், நடுவில் முதுகை ஒட்டி. அவை பையின் வெளிப்பக்கம் போனால் உங்களைப் பின்னால் இழுக்கும், உச்சியில் போனால் ஆட்டும். மழைக்கோட்டும் கொறிப்பும் மேலே. பெரிய குப்பைப் பை ஒன்றை லைனராக உள்ளே போட்டு, அதற்குள் துணிகளை வைத்துக் கட்டுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலையில் ரெயின் கவர் மட்டும் போதாது, முதுகுப் பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கும், நனைந்த துணியின் எடையையும் நீங்கள்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே முழு எடையோடு அபார்ட்மென்ட் படியில் ஏறி இறங்குங்கள், ஞாயிறு காலை லால்பாக் பாறையில் நாலு சுற்று வாருங்கள். பை புதிதாக இருந்தால் டேக்கைக் கழற்றாமல் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்து பார்த்துவிட்டு, திருப்பித் தரும் தேதி தாண்டுவதற்குள் முடிவு செய்யுங்கள்.

மலையில் வலி வந்தால் அது எங்கே வருகிறது என்று பாருங்கள். தோளின் மேல்பகுதி எரிந்தால் இடுப்பு பெல்ட் நழுவியிருக்கிறது, தோள் பட்டையைத் தளர்த்தி, பையைத் தூக்கி, பெல்ட்டை எலும்பின் மேல் வைத்து மறுபடி இறுக்குங்கள். கழுத்துப் பின்பக்கம் இழுத்தால் கனமான சாமான் முதுகை விட்டு வெளியே போயிருக்கும், எடுத்து அடுக்குங்கள். இடுப்பெலும்பில் கன்றிப்போனால் பேன்ட்டில் தடித்த தோல் பெல்ட் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள், ட்ரெக்கில் அது வேண்டாம், நாடாவோ எலாஸ்டிக்கோ வைத்த பேன்ட் போதும். மணிக்கொரு தடவை தோள் பட்டையைக் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்ச தூரம் எடையை முழுக்க இடுப்புக்குக் கொடுத்து நடந்தால் பாதி வலி வராது. விரல்கள் மரத்துப்போனால் மட்டும் அடுத்த ஓய்வு வரை தள்ளிப்போடாதீர்கள், தோள் பட்டை அக்குளில் நரம்பை அழுத்துகிறது என்று அர்த்தம், நின்ற இடத்திலேயே பையை இறக்கி, கையை உதறி, பட்டையை ஒரு விரல் அளவு தளர்த்தி, இரண்டு தண்ணீர் பாட்டிலையாவது கூட வருகிறவரிடம் கொடுத்துவிட்டு நடங்கள்.